பெரணி துடைத்தவள்

எம்மா, கையை எடுங்க! கையை எடுங்கன்னு சொல்லுதேன்லா! நகத்தால சுரண்டாதிய. அது பூச்சி இல்லை.

கோவிச்சுக்கிடாதிய. எனக்குத் தொண்டையே அப்படித்தான். மதுரையில இருந்தா வாரிய? வீட்டுக்காரரு அருவிக்குக் குளிக்கப் போயிட்டாராக்கும். கூட்டத்துல இப்போதைக்கு வர மாட்டாரு. சாரல் விழுது பாருங்க, இப்படிப் பச்சை வலைப் பந்தலுக்கு உள்ள வந்து அந்த முக்காலியில உக்காருங்க. செடி நனையட்டும், நீங்க எதுக்கு நனையணும்.

இந்தா, இலையைத் திருப்பிக் காட்டுதேன். அடியில தவிட்டு நிறத்துல வரிசையாப் புள்ளி வச்சிருக்கா? அதுதான் பெரணிக்கு விதை. பெரணிக்குப் பூ கிடையாது, காய் கிடையாது. இந்தப் புள்ளி வெடிச்சுப் பொடியா உதிரும். ஈரத்துல விழுந்தா முளைச்சுக்கிடும். தெரியாதவங்க பாத்தா பூச்சி விழுந்திருச்சுன்னுதான் நினைப்பாவ. நீங்க சுரண்டத்தான் பாத்திய. ஒருத்தி துடைச்சே போட்டுட்டா.

அந்தா ரோட்டு ஓரத்துல லோடு ஆட்டோ நிக்கே, பாத்தியளா? செடி ஏத்த வந்ததுன்னு நினைச்சிருப்பிய. இல்லை. என் தம்பி குடும்பத்தை ஏத்திக்கிட்டுப் போக வந்திருக்கு. பீரோ ஏறிட்டு. கட்டிலைக் கழட்டிக்கிட்டு இருக்காவ. விளாத்திகுளத்துக்குப் போறாவளாம், தம்பி பொண்டாட்டியோட ஆத்தா வீட்டுக்கு. ஒத்த வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவ என்கிட்டப் பேசினா இந்த வண்டி காலியாத் திரும்பிப் போயிரும். தம்பியே சொல்லிட்டான், “அக்கா, அவ உன்கிட்ட வாயைத் திறந்துட்டா நாங்க இருக்கோம், இல்லைன்னா சாரல் முடியுததுக்குள்ள கிளம்புதோம்”னு. அவ திறக்க மாட்டேங்கா. போன சாரலுக்கு மூடின வாய்.

அப்படி நான் என்னம்மா செஞ்சிட்டேன்? நீங்க படிச்சவுக மாதிரி இருக்கிய, கேட்டுட்டு நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க.

என் பேரு உலகம்மா. இந்த நர்சரி என் கையால வந்தது. தம்பி பேரு தங்கப்பழம். அப்பன் ஆத்தா போனபெறகு அவனை நான்தான் தூக்கி வளத்தேன். கண்டிப்பா வளத்தேன். பள்ளிக்கூடத்துக்குப் போகாம அருவியில கிடந்தான்னு ஒருக்கா கரண்டியைக் காய வச்சு முழங்கையில ஒரு சூடு. அந்தத் தழும்பு இன்னும் இருக்கு. அவன் வரும்போது பாருங்க, முழுக்கைச் சட்டைதான் போடுவான், வெக்கப்படுவான். ஆனா ஒழுங்கா வளந்தானா இல்லையா? செடியும் அப்படித்தானம்மா. கொழுந்தைக் கிள்ளாம விட்டா கொடியா ஓடி ஒண்ணுக்கும் ஆகாமப் போயிரும். கிள்ளினாத்தான் புதரா நிக்கும்.

என் வீட்டுக்காரரா? கேரளாவுக்கு வேலைக்குப் போனாரு. வரலை. தங்கமான மனுசன், எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டாரு. போறப்ப ஒரு கையில கட்டுப் போட்டிருந்தாரு, பாவம். மாடிப்படியில விழுந்துட்டாருன்னு ஊருல சொன்னோம். இந்த வீட்டுக்கு மாடி கிடையாது, அது வேற விசயம். போறதுக்கு முந்தி மலையில இருந்து ஒரு பெரணித் தூரைச் சாக்குல சுத்திக் கொண்டாந்து வச்சாரு. உள்ளங்கை அகலம்தான் இருந்துச்சு. மனுசன் போயிட்டாரு, செடி நின்னுச்சு. அது பெருத்து, தொங்கி, ரெண்டு ஆளு கட்டிப்பிடிச்சாலும் எட்டாது, அப்படி நின்னுச்சு. இந்த நர்சரியில நீங்க பாக்க பெரணி அம்புட்டும் அது போட்ட பிள்ளைதான். அதுக்கு நான் கிணத்துத் தண்ணிகூட விடுறதில்லை, பிடிச்சு வச்ச மழைத்தண்ணிதான். காலையில எந்திரிச்சதும் அதோட முகத்துலதான் முழிப்பேன். எனக்குன்னு யாரு இருக்கா சொல்லுங்க.

தம்பிக்குப் பொண்ணு எடுத்தது விளாத்திகுளம் பக்கம். கரிசக்காடு. பேரு சீனித்தாயி. நல்ல வேலைக்காரி, அதை நான் மறைக்க மாட்டேன். ஆனா அந்தக் காட்டுல பெரணியை எங்கன கண்டா? பருத்தியும் மிளகாயும்தான் தெரியும். பச்சையா எது நின்னாலும் அதுக்குப் பூச்சி விழும், அதுதான் அவ படிச்ச படிப்பு. அவ அப்பன் பருத்தியில பூச்சி விழுந்த வருசம் பூச்சிமருந்தையே குடிச்சுப் போயிட்டாராம். அதைச் சொல்லிச் சொல்லி அழுவா. அதுக்கு என் செடி என்னம்மா பண்ணும்?

போன சாரலுக்கு, செங்கோட்டையில ஒரு கல்யாணம். தம்பி லோடு இறக்க ராஜபாளையம் போயிட்டான். நானும் காலையில போயிட்டுச் சாயந்தரம் வாரேன். வாசல்ல கால் வைக்கும்போதே மண்ணெண்ணெய் வாடை. ஓடி வந்து பாத்தா, தாய்ச்செடிக்கு அடியில முக்காலி போட்டு ஏறி நிக்கா. ஒரு கையில சோப்புத்தண்ணியும் மண்ணெண்ணெயும் கலக்கின வாளி, ஒரு கையில துணி. ஒவ்வொரு இலையையும் திருப்பித் திருப்பி அடியில துடைச்சிருக்கா. விடிஞ்சதுல இருந்து துடைச்சிருக்கா. கை ரெண்டும் வெந்துபோயித் தோலு உரிஞ்சு நிக்கு. என்னைக் கண்டதும் சிரிச்சா பாருங்க ஒரு சிரிப்பு! “மதினி, செடியெல்லாம் பூச்சி விழுந்து கிடந்துச்சு. நீங்க பாத்தா மனசு விட்டுருவீயன்னு, ஒண்ணு விடாமத் துடைச்சுட்டேன்” அப்படிங்கா.

இலையெல்லாம் வெந்த கீரை மாதிரி தொங்குது. தொட்டா கையோட வருது. ஒண்ணு ரெண்டு இல்லம்மா, அம்புட்டும். அவரு கொண்டாந்த செடி.

ரெண்டு தட்டு தட்டினேன். அம்புட்டுத்தான். யாரா இருந்தாலும் தட்டத்தான் செய்வாவ. முக்காலியில இருந்து பிடிச்சு இழுத்தேன், அவளே தடுமாறி விழுந்தா. அங்கன அடுக்கியிருந்த தொட்டியில வாய் பட்டு ஒரு பல்லு போச்சு. அந்தத் தொட்டியும் உடைஞ்சு போச்சு, புதுத் தொட்டி. தேங்காமட்டை கையில கிடைச்சுது, அதால முதுகுல ரெண்டு. மட்டை பிஞ்சு போச்சுன்னு கீழ போட்டுட்டேன், அதுக்குமேல அடிக்க எனக்கு மனசு வரலை. குட்டி, அவ மக, மோட்டார் ரூம் படியில உக்காந்து முறுக்கு தின்னுக்கிட்டு இருந்தா. நல்லவேளை, சின்னப்பிள்ளை, அதுக்கு ஒண்ணும் விளங்காது.

அதோட விட்டிருப்பேன். சத்தியமா விட்டிருப்பேன். அவ அழுதுட்டுப் போயிருந்தா நானே மஞ்சப்பத்துப் போட்டுவிட்டு, பால் காய்ச்சிக் குடுத்திருப்பேன். அவ எந்திரிச்சு நின்னா. வாயில ரெத்தம் ஒழுகுது, அதைத் துடைக்கக்கூட இல்லை. என்னை நேருக்கு நேராப் பாத்துச் சொல்லுதா: “உங்க வீட்டுக்காரரு ஏன் ஓடிப்போனாருன்னு இப்பத்தான் தெரியுது. செடியை உங்களுக்காகவா வச்சிட்டுப் போனாரு? இதையாவது அடிச்சுக்கிட்டு இருக்கட்டும்னு வச்சிட்டுப் போயிருப்பாரு.”

அந்த வார்த்தையைக் கேட்டியளா? நீங்க ஒரு பொம்பிளை, உங்களைப் பாத்து ஒருத்தி அப்படிச் சொன்னா நீங்க பொறுப்பியளா?

அந்த மூலையில பாருங்க, வெள்ளையும் பச்சையுமாப் புள்ளி போட்ட அகல இலை. டிபன்பேக்கியான்னு சொல்லுவாவ. ஆபீஸ், ஆஸ்பத்திரி எங்க போனாலும் வாசல்ல வச்சிருப்பாவ. பாக்கதுக்கு லட்சணம். ஆனா அதை வெட்டும்போது பால் வரும், அந்தப் பால் வாயில பட்டா போச்சு. நாக்கு எரியும், வீங்கும், பேச்சு நின்னுபோயிரும். செடி வளக்க எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். நாங்க வெட்டுனா உடனே கையைக் கழுவிட்டுத்தான் வேற வேலை பாப்போம்.

அதுதான் கிட்ட நின்னுச்சு. வேற ஒண்ணு நின்னிருந்தா வேற ஒண்ணு. ஒரு தண்டை முறிச்சேன், அவ வாயில வச்சேன். வச்சதுதான் நான். கடிச்சது அவ. என் கையால அவ வாயைப் பொத்தித் தாடையைச் சேத்துப் பிடிச்சிருந்தேன், அது எதுக்குன்னா துப்பினா சேலையில கறை ஆயிரும்லா. “பேசுட்டி, இப்பப் பேசு. என் புருசனைப் பத்திப் பேசு” அப்படின்னேன். அவ கையைக் காலை உதறுதா. என் மணிக்கட்டைப் பிறாண்டிப் போட்டா. இந்தா, இந்தத் தழும்பு அவ நகம்தான். பிறாண்டுத நகம்! யாராவது அதைக் கேட்டாவளா?

கையை எடுத்தப்பெறகு பாத்தா நாக்கு வெளிய வந்து நிக்கு. எச்சில் கொட்டுது. கண்ணு முழி பிதுங்குது. மூச்சு விசில் அடிக்கமாதிரி இழுக்கு. நான்தானம்மா ஆட்டோ பிடிச்சேன். நான்தான் மடியில போட்டுத் தூக்கிட்டுத் தென்காசி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நான் இல்லைன்னா அன்னைக்கே அவ போய்ச் சேந்திருப்பா. அதை யாரு நினைச்சுப் பாக்கா. தொண்டையில குழாய் விட்டுத்தான் மூச்சு வந்துச்சு.

போலீஸ்காரரு ஒருத்தரு வந்து கேட்டாரு, “நீயாத் தெரியாமக் கடிச்சியாம்மா?”ன்னு. அவ கட்டில்ல கிடக்கா, பேச முடியாது. என்னைப் பாத்தா. குட்டி என் இடுப்புலதான் இருந்தா, நான் அவ தலையைத் தடவிக் குடுத்துக்கிட்டே நிக்கேன். அவ என் கையைப் பாத்துக்கிட்டே இருந்தா. அப்புறம் ஆமான்னு தலையை ஆட்டிட்டா. உண்மையைச் சொல்லிட்டா பாத்தியளா? நான்தான் சொன்னேன்லா, கடிச்சது அவதான்.

தம்பி வந்தான். ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு நேரா வீட்டுக்குத்தான் வந்தான். கொல்லையில இருந்து அருவாளை எடுத்தான். “அக்கா, நீ மனுசியா?”ன்னு கேட்டான். நான் அசையலை. வெட்டுல, நான் வளத்த கைதானே, வெட்டுன்னேன். அருவாளை ஓங்கினான், அப்படியே கீழ இறக்கிட்டான். அவனுக்கு என்மேல அம்புட்டுப் பாசம். திரும்பிப்போயி அந்தப் புள்ளி இலைச் செடி வரிசையை வெட்டினான் பாருங்க! தொட்டி தொட்டியா வெட்டிச் சாய்ச்சான். அப்புறம் குரோட்டன்ஸை வெட்டினான், ஆந்தூரியத்தை வெட்டினான், பச்சை வலையைக் கிழிச்சான், மூங்கிலைச் சாய்ச்சான். வெட்டிக்கிட்டே அழுதான். பால் தெறிச்சு அவன் கண்ணுல பட்டு ஒரு வாரம் கண்ணு திறக்க முடியலை. எல்லாத்தையும் நான்தான் திரும்ப நட்டேன். வெட்டிப் போட்ட துண்டை எல்லாம் பொறுக்கி மண்ணுல குத்தி வச்சேன், அம்புட்டும் பிழைச்சுக்கிட்டு. இப்ப முன்னையவிட ரெண்டு மடங்கா நிக்கு, பாருங்க. தாய்ச்செடிதான் பிழைக்கலை. நீங்க இப்பத் தொட்டது அதோட பிள்ளை.

அவளுக்கும் எல்லாம் சரியாயிட்டு. குரல் கொஞ்சம் கரகரப்பு, அம்புட்டுத்தான். புருசன்கிட்டப் பேசுதா. வார ஆளுககிட்டப் பேசுதா. ஆந்தூரியத்துகிட்டக்கூட என்னமோ பேசிக்கிட்டுதான் தண்ணி விடுதா, நான் வலைக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டிருக்கேன். நான் போனா நிறுத்திருவா. ஒரு வருசமா ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஏட்டி சீனின்னு கூப்பிட்டா வந்து நிப்பா. சொன்ன வேலையைச் செய்வா. வாய் மட்டும் திறக்காது.

சோறு அவதான் போடுதா. தட்டை வச்சிட்டுப் போக மாட்டா. எதுத்தாப்புல நின்னு என் வாயையே பாப்பா. நான் முதல் உருண்டையை வாயில வச்சு, மென்னு, முழுங்கி முடிக்க மட்டும் நிப்பா. அப்புறம்தான் போவா. ஏன் அப்படிப் பாக்கான்னு தெரியலை. நான் முதல்ல ஒரு பிடி எடுத்துப் பூனைக்கு வச்சிட்டு, அது தின்னு முடிச்சு நடமாடினபெறகுதான் கையை வைக்கேன். பூனை நல்லாக் கொழுத்துப்போச்சு.

எவ்வளவோ இறங்கிப் போயிட்டேன். சேலை எடுத்துக் குடுத்தேன், வாங்கி மடிச்சு என் பெட்டியிலேயே வச்சுட்டா. பல்லு கட்டுதேன்னு சொன்னேன், திரும்பிக்கிட்டா. ஒருநாள் கோவம் வந்து, “பேசுதியா, இன்னொரு துண்டை முறிக்கட்டுமா?”ன்னு விளையாட்டுக்குக் கேட்டேன். விளையாட்டுக்குத்தான். அன்னைக்குச் சாயந்தரம்தான் தம்பி வந்து வண்டி பேசப்போறேன்னு சொன்னான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளையாட்டும் தெரிய மாட்டேங்கு.

அவங்க போயிட்டா எனக்கு யாரும்மா இருக்கா? நானும் இந்த இலையும்தான். காலு வலிக்குன்னு சொன்னா செடி வந்து பிடிச்சு விடுமா? படுத்துக்கிடந்தா ஒரு வாய்த் தண்ணி தருமா? அவ பேசணும்மா. திட்டட்டும். காறித் துப்பட்டும். என்னமாவது ஒரு வார்த்தை சொல்லட்டும். எனக்கு அது போதும்.

அந்தா வாரா, பாருங்க. கட்டிலைக் கட்டக் கயிறு அறுத்துக்கிட்டு, கையில அருவாளோட வாரா. பின்னால குட்டி. அழகா இருக்காள்லா? தன்சிகான்னு பேரு வச்சிருக்காவ, என் வாயில நுழையாது. குட்டி, இங்க வா. வா தாயி, இந்த மதுரை அத்தைகிட்ட உன் பேரைச் சொல்லு. ஊருக்குப் போகுதியே, எனக்கும் ஒரு முத்தம் குடுத்துட்டுப் போ. வான்னா வா.

பாத்தியளா, பாத்தியளா! என்னைக் கண்டா ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிடுவா. ஒரு வருசமா இந்த விளையாட்டுதான். வேற யாருகிட்டயும் செய்ய மாட்டா, என்கிட்ட மட்டும்தான். அம்புட்டுப் பிரியம். நான் எம்புட்டு வேலையில இருந்தாலும் கையைப் பிரிச்சுப் பாப்பேன், உள்ள பல்லைக் கடிச்சு வச்சிருப்பா. கெட்டிக்காரி.

குட்டி, கையை எடு. மதுரை அத்தை பாக்கட்டும். வாயைத் திற, முறுக்குத் தாரேன். அட, கையை எடுட்டி. என்னா பலம் பாருங்க இதுக்கு! ஏட்டி, எதுக்கு இப்ப அழுத? எடுன்னா எடு, இந்தா பிரிச்சுட்டேன், வாயைத் தி...

...

எம்மா. கேட்டியளா?

நீங்க எந்திரிக்காதிய. கத்தாதிய, ஒண்ணும் இல்லை. சீனி என்ன சொன்னான்னு கேட்டியளா? “கையை எடு”ன்னா! என்னைப் பாத்துத்தான் சொன்னா! அதே குரல், கொஞ்சம் கரகரன்னு. மதினின்னு சொல்லலை, எடுங்கன்னும் சொல்லலை, போகட்டும், அதெல்லாம் பைய வரும்.

எடுத்துட்டேன் தாயி, பிள்ளையை விட்டுட்டேன், இந்தா பாரு ரெண்டு கையும் மேல இருக்கு. அருவாளைக் கழுத்துல இருந்து எடு சீனி. கயிறு அறுத்த அருவா, பதமா இருக்கும், பட்டா வெட்டிப்புடும். பட்டுட்டு பாரு. பரவாயில்லை, பரவாயில்லை, கொஞ்சம் ரெத்தம்தான். நீங்க சாட்சிம்மா. ஒரு வருசம் கழிச்சுப் பேசிட்டா, நீங்க உங்க காதால கேட்டிய.

ஏல தங்கப்பழம்! வெளிய வால! சீனி பேசிட்டால! என்கிட்டப் பேசிட்டா! பீரோவைக் கீழ இறக்குல, வண்டியைத் திருப்பி அனுப்புல!